உஷார்! இன்ஜின் தட்டுற சத்தம் கேட்டா பாட்டை நிறுத்துங்க

டர்போ கார் வாங்கின பிள்ளைகளே, அந்தப் பிள்ளைகளைப் பெத்தவங்களே, ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பங்க்குக்குள்ள வண்டியை விட்டு, "ஃபுல் டாங்க்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு போனைப் பார்க்கிறீர்களே, உங்களுக்குத்தான் இது.

டாங்கில் என்ன இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

"பெட்ரோல்தான், வேற என்ன?" என்கிறீர்களா. அந்தப் பதில்தான் ஒரு குடும்பத்தை நாலுவழிச் சாலையில் லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

நாகர்கோவில் வடசேரியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. பேர் வேண்டாம். பையனுக்கு பெங்களூரில் வேலை. சின்ன வயசிலிருந்தே கார் பைத்தியம். மூணு வருஷச் சம்பளத்தைச் சேர்த்து, அங்கேயே ஒரு பழைய ஜெர்மன் டர்போ காரை வாங்கினான். ரெண்டு கதவு வண்டி. உட்கார்ந்தால் தரையைத் தொடுகிற மாதிரி இருக்கும். விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னாராம், "ரீமேப் பண்ணின வண்டி தம்பி, நூறு போட்டுத்தான் ஓட்டணும்." பையன் அதை வேகம் என்று நினைத்துக்கொண்டான்.

சிரிக்காதீங்க. அவர் சொன்னது 100 ஆக்டேன் பெட்ரோலை.

ரீமேப் என்றால் என்ன? இன்ஜினை ஆள்வது உள்ளே இருக்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர். எப்போது தீப்பொறி விடணும், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கணும் என்று அதுதான் தீர்மானிக்கும். கம்பெனிக்காரன் எழுதிவைத்த கணக்கை அழித்துவிட்டு, இன்னும் முறுக்கேற்றிய கணக்கை எழுதுவதுதான் ரீமேப். வண்டி பறக்கும். ஆனால் அந்தப் புதுக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது: குறிப்பிட்ட ஆக்டேன் பெட்ரோல் உள்ளே இருக்கணும். விற்றவர் பெங்களூரில் 100 ஆக்டேன் போட்டே ஓட்டியவர். அந்த ஊரும் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று. வண்டி முனகாமல் ஓடியிருக்கிறது.

பையன் மே மாசம் ஊருக்கு வந்தான். சாதா பெட்ரோல் நிரப்பினான். அம்மா, அப்பா, தங்கச்சியை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினான். வெயில், ஏசி, நாலு பேர் பாரம். ஆரல்வாய்மொழி தாண்டும்போதே பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குக் காதில் ஒரு சத்தம். இரும்பில் இரும்பு தட்டுகிற மாதிரி, டிக் டிக் என்று. அதுவும் அவன் ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது மட்டும்.

"மக்கா, அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்."

பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டான்.

காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலை. முன்னால் போன லாரியை முந்தறதுக்கு அமுக்கினான். பாதி முந்தும்போது இழுவை செத்துவிட்டது. பின்னால் நீலப் புகை. டேஷ்போர்டில் லைட் எல்லாம் எரிகிறது. பக்கத்தில் ஒரு லாரி, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு இன்னொன்று. எப்படியோ ஓரம் கட்டிவிட்டான். அந்த அம்மா கனகமூலம் சந்தையில் காய்கறிக் கூடையோடு நின்று இதைச் சொல்லும்போது கை நடுங்கியது. கல்யாணத்துக்குப் போகவில்லை. வண்டி ரெக்கவரி வேனில் ஏறியது.

ஒர்க்ஷாப்பில் பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனில், ரிங் உட்காருகிற விளிம்பு உடைந்து துண்டாகக் கிடக்கிறது. சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறல். காருக்குக் கொடுத்த விலையில் மூணில் ஒரு பங்கு பில்.

இன்சூரன்ஸ் தருமா? தராது. விபத்து, திருட்டு, தீ போன்றவற்றுக்குத்தான் சாதாரண கார் பாலிசி. இன்ஜின் உள்ளுக்குள் உடைந்தால் அது மெக்கானிக்கல் பழுது, கணக்கில் வராது. அதற்கு மேல், ரீமேப் செய்ததை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மறைத்தது வேறு.

இவ்வளவும் எதனால்? டாங்கில் தவறான எண். அவ்வளவுதான்.

இப்போது அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இதைப் பற்றி ஊரில் நூறு கதை உலவுகிறது.

ஆக்டேன் என்பது சக்தி இல்லை. முதலில் இதை மனசில் ஏற்றுங்க. ஆக்டேன் கூடினால் பெட்ரோலுக்குள் சக்தி கூடாது. சூடும் அழுத்தமும் ஏறும்போது, தீப்பொறியால் பற்றிய தீ வந்து சேர்வதற்கு முன்னாலேயே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஐசோ-ஆக்டேன் என்கிற பொருளுக்கு 100 மார்க், ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோல் 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எவ்வளவு பொறுக்குமோ, அவ்வளவு பொறுக்கும். இந்த அளவைத்தான் 'ரான்' என்கிறார்கள்.

பொறுமை இல்லாத பெட்ரோல் என்ன செய்யும்? ஊஞ்சல் உங்களை நோக்கி வேகமாக வந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்துத் தள்ளிப் பாருங்க, கை என்ன ஆகும்? பிஸ்டன் உச்சியை ஒட்டி இருக்கும்போது பெட்ரோல் ஒரு மூலையில் தானாக வெடித்தால், பிஸ்டனுக்கும் அப்படி ஒரு அடி விழுகிறது. திரும்பத் திரும்ப. அந்த அடிதான் 'நாக்கிங்'. நம்ம மெக்கானிக்குகள் "இன்ஜின் தட்டுது" என்பார்கள்.

சாதா வண்டியில் அழுத்தம் குறைவு, அதனால் சாதா பெட்ரோலே போதும். ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இல்லை. ஃபெராரி 458 இட்டாலியாவில் கலவையைப் 12.5 மடங்கு இறுக்குகிறார்கள். போர்ஷே 911 ஜிடி3-ல் 13.3 மடங்கு. டர்போ இருந்தால் இறுக்குவதற்கு முன்னாலேயே காற்றைத் திணித்துவிடுகிறது. இறுக்க இறுக்கச் சூடு. சூடு ஏற ஏற ஆபத்து.

அதற்காக இறுக்கம் கூடின வண்டி எல்லாவற்றுக்கும் 100 ஊற்றணும் என்று அர்த்தமில்லை. நம்ம தெருவில் ஓடுகிற ஆர்15 பைக்கே 11.6 மடங்கு இறுக்குகிறது. இந்தியப் பெட்ரோலுக்கு ஏற்றபடி செய்த வண்டி, சாதா பெட்ரோலிலேயே நிம்மதியாக ஓடும். நீங்களாகக் கணக்குப் போடாதீங்க. கம்பெனிக்காரன் பெட்ரோல் டாங்க் மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறான். பல ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களில் 98 என்றும், பக்கத்தில் 95 என்றும் இருக்கும். பெரிய எண் அவன் சிபாரிசு செய்வது. சின்ன எண் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இறங்கக்கூடாது. ரீமேப் செய்த வண்டியில் அந்த ஸ்டிக்கரையும் நம்பக்கூடாது. யார் ரீமேப் செய்தாரோ அவரிடம் எந்த ஆக்டேனுக்கு என்று எழுத்தில் வாங்குங்க. அவர் கிடைக்கவில்லையா? கம்பெனிக் கணக்குக்கே திரும்ப மாற்றச் சொல்லுங்க. வண்டி கொஞ்சம் மெதுவாகும். பரவாயில்லை.

"நாக் சென்சார் இருக்குல்ல, அது பார்த்துக்கும்" என்று ஒரு சமாதானம் சொல்வாங்க. பாதி உண்மை. தட்டுவதைச் சென்சார் கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இழுவை குறையும், சூடு கூடும், மைலேஜ் விழும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. நாலு பேரை ஏற்றிக்கொண்டு, மே வெயிலில், டாப் கியரிலேயே வைத்து ஒரேயடியாக அமுக்கினால் அது தோற்றுவிடும். சின்ன டர்போ இன்ஜின்களில் இந்தக் குறைந்த ஆர்பிஎம், அதிக இழுவை நேரம்தான் மகா ஆபத்து. ஒரே ஒரு பெரிய வெடிப்பு போதும், பிஸ்டன் உடைய.

அடுத்தது, கல்ஃப் பிள்ளைகளுக்கு. நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டில் இருக்காங்க. துபாயில் பம்ப் முன்னால் நின்றால் ஈ-பிளஸ் 91, ஸ்பெஷல் 95, சூப்பர் 98 என்று எண்ணோடு கேட்கிற அதே பிள்ளை, நாகர்கோவிலில் இறங்கியதும் "நார்மல் போடு அண்ணாச்சி" என்கிறான். ஏன் மக்கா? ஊர் மாறினால் இன்ஜின் மாறிடுமா?

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஸ்பீடு, பவர், பிரீமியம் என்று பேர் இருப்பதால் மட்டும் ஆக்டேன் கூடிவிடாது. இன்ஜினைச் சுத்தமாக வைக்கிற மருந்து சேர்த்ததற்கும் அப்படிப் பேர் வைப்பார்கள். பங்க்கில் எண்ணைக் கேளுங்க. 95-ஆ, 97-ஆ, 99-ஆ, 100-ஆ? தெரியவில்லை என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

யூடியூபில் அமெரிக்கக்காரர் வீடியோ பார்த்து முடிவெடுக்கிறவங்களும் உஷார்! அவர்கள் பம்பில் எழுதியிருக்கும் எண் வேறு கணக்கு. ரான் ஒன்று, அதைவிடக் கடினமான சோதனையில் கிடைக்கிற இன்னொன்று, இரண்டின் சராசரி அது. அங்கே 91 என்றால் நம்ம கணக்கில் ஏறக்குறைய 95, 96. "என் காருக்கு 91 போதும்னு அமெரிக்காவிலேயே சொல்றான்" என்று இங்கே 91 ஊற்றினால் முடிந்தது கதை.

இப்போது எத்தனால். இதில்தான் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

2025-க்குள் நாடு முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. இ-20 என்கிறார்களே, அதுதான். எத்தனாலுக்குத் தட்டாத குணம் அதிகம். அதனால் நெடுநாளாக 91 ஆக இருந்த சாதா பெட்ரோல், இ-20 கலப்பில் 95 வரை உயர்ந்திருக்கிறது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் சொன்னது. நல்ல சேதிதான். ஆனால் அதைக் கேட்டு "அப்போ என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் கவலையில்லை" என்று உட்கார்ந்துவிடாதீங்க. ஆக்டேன் சரியாக இருந்தாலும், உங்கள் வண்டியின் ரப்பர் குழாய், சீல், ஃப்யூல் பம்ப் எல்லாம் எத்தனாலைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. 2023 ஏப்ரலுக்கு முன்னால் தயாரான வண்டியா? கையேட்டில் இ-5-ஆ, இ-10-ஆ, இ-20-ஆ என்று பாருங்க. எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தியும் குறைவு. இ-10 வரைக்கும் செய்த நாலு சக்கர வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒத்துக்கொண்டது.

நம்ம ஊருக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இங்கே தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். கல்ஃபுக்குப் போகிற பையன் காரை ஷெட்டில் போட்டு, கவர் மூடி, பாதி டாங்க் பெட்ரோலோடு பத்து மாசம் விட்டுவிட்டுப் போகிறான். தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மேலே மிஞ்சுகிற பெட்ரோலில் எத்தனால் போய்விட்டதால் ஆக்டேனும் குறைந்துவிடும். லீவுக்கு வந்து இறங்கியதும் முதல் நாளே அந்தப் பெட்ரோலில் 120-ல் பறக்காதீங்க! ஒர்க்ஷாப்பில் சொல்லி பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதுசு நிரப்புங்க. அடிக்கடி ஓடுகிற வண்டிக்கு இந்தப் பயம் வேண்டாம்.

அடையாளங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்க. ஏற்றத்திலோ முந்தும்போதோ மட்டும் உலோகம் தட்டுகிற சத்தம். ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றுவிடும், அமுக்கினால் வரும். போன வாரம் இருந்த பிக்கப் இந்த வாரம் இல்லை. டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுகிறதா? அது கெஞ்சல் இல்லை, கதறல். உடனே காலை எடுங்க. நீலப் புகை வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது, ஓரம் கட்டி அணைத்துவிடுங்க.

தவறிச் சாதா பெட்ரோல் போட்டுவிட்டீர்களா? பதறவேண்டாம். அமுக்காமல், கியரை இறக்கி, பைய ஓட்டுங்க. அடுத்த பங்க்கில் கூடின ஆக்டேனை மேலே நிரப்புங்க. பாதி டாங்க் 91 இருக்கும்போது பாதி டாங்க் 100 சேர்த்தால் ஏறக்குறைய 95 வரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மூடியில் 91 போட்டிருக்கிற குடும்பக் காருக்கு 100 ஊற்றி, "சும்மா ராக்கெட் மாதிரி போகுது" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியன் ஆயில் எக்ஸ்பி100-ஐ 2020 டிசம்பர் 1-ஆம் தேதி அறிமுகம் செய்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அன்றைய சாதா விலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேவையில்லாத இன்ஜினுக்கு அந்தக் காசு வெறும் புகை.

பாட்டிலில் விற்கிற ஆக்டேன் பூஸ்டரிலும் கவனம். மாங்கனீஸ் கலந்தது ஸ்பார்க் பிளக்கில் சிவப்பாகப் படியும். யாராவது ஏரோபிளேன் பெட்ரோல் வாங்கித் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீங்க. சின்ன விமானங்களின் பெட்ரோலில் இன்னும் ஈயம் இருக்கிறது. நம்ம கார்ப் பெட்ரோலில் ஈயத்தை 2000-லேயே ஒழித்தாகிவிட்டது. ஈயம் பட்டால் சைலன்ஸர் வழியில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பாழ். தின்னர், டொலுயீன் கலக்கிற வைத்தியர்களும் இருக்கிறார்கள். கும்பிடு போட்டு அனுப்புங்க. பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை, டென்சிட்டி சோதனை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்க. கலப்படத்தைச் சந்தேகிக்க அது உதவும். ஆனால் ஆக்டேனை அது காட்டாது. ஆக்டேனை அளக்க அதற்கென்றே செய்த சோதனை இன்ஜின் வேணும்.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

அந்த வடசேரிப் பையன் பாடம் படித்தான். ஆனால் பாதிதான் படித்தான். இன்ஜின் சரியானதும், இனி 100-ஐத் தவிர வேறு தொடமாட்டேன் என்று சபதம். நல்லது. ஊருக்கு வரும்போது 100 கிடைக்காவிட்டால்? அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, பெங்களூரிலேயே வாங்கி பிளாஸ்டிக் கேன்களில் அடைத்து, டிக்கியில் போட்டு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தது. எடே, உயிரோடு வந்து சேர்ந்தாயே!

வந்தவன் கேன்களை வைத்தது எங்கே தெரியுமா? சமையலறைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமில். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில். ரெண்டு நாள் கழித்து அம்மாவுக்குத் தலைவலி, ஒரு நெடி. எலி மருந்து என்று நினைத்தாராம். கதவைத் திறந்து லைட் சுவிட்சில் கை வைக்கப்போனபோது பையன் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டான்.

பெட்ரோல் பற்ற வெயில் வேண்டியதில்லை. மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை அது விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து, வாசற்படி தாண்டி, அடுத்த அறையில் எரிகிற அடுப்பு வரை போகும். சுவிட்சில் வருகிற சின்னப் பொறி போதும். சாதாரண பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் குலுங்கினாலே நிலைமின்சாரம் சேரும். 100 ஆக்டேன் "சீக்கிரம் பற்றாது" என்று எவனாவது சொன்னால் நம்பாதீங்க. அந்தப் பொறுமை எல்லாம் இன்ஜினுக்குள் அழுத்தத்தில் மட்டும். வெளியே ஒரு தீக்குச்சிக்கு எல்லாப் பெட்ரோலும் ஒன்றுதான்.

ரயிலில் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சிறையைக்கூட விடுங்க. 2023 ஆகஸ்ட் 26 நினைவிருக்கிறதா? முந்தின நாள் நம்ம நாகர்கோவில் ஜங்ஷனில் இணைத்த சுற்றுலாப் பெட்டி மதுரையில் எரிந்தது. அனுமதியில்லாமல் கொண்டுவந்த சமையல் கேஸ் சிலிண்டர். 9 பேர் செத்தார்கள். எரிகிற பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயணம் செய்தவர்கள் அவர்கள்.

ஊரில் உங்கள் எண் கிடைக்கவில்லை என்றால் பெட்ரோலைச் சுமந்து வராதீங்க. ரீமேப்பைக் கழற்றுங்க, அல்லது அந்த வண்டியைக் கிடைக்கிற ஊரிலேயே விட்டுவிட்டு ரயிலில் வாங்க. கார் வாங்குவதற்கு முன்னாலேயே, "இந்த எண் வடசேரியில் கிடைக்குமா?" என்று பங்க்கில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஊருக்கு வந்தால் டிக்கியையும் ஸ்டோர் ரூமையும் ஒரு பார்வை பாருங்க. கேன் இருந்தால் சண்டை பிறகு போடலாம். அறைக்குள் சுவிட்சைப் போடாதீங்க, அணைக்கவும் செய்யாதீங்க. அடுப்பை நிறுத்தி, ஜன்னல் கதவைத் திறந்து, எல்லாரும் வெளியே வாங்க. நெடி போன பிறகு கேனை வெட்டவெளிக்கு எடுத்து, இன்ஜின் அணைத்த வண்டியின் டாங்கிலேயே ஊற்றித் தீர்க்கச் சொல்லுங்க. சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டக்கூடாது. கசிந்து தரையில் ஓடியிருந்தால் நீங்களாக ஒன்றும் செய்யவேண்டாம். தெருவுக்கு வந்து 101-க்குப் போன் பண்ணுங்க.